லிஸ்ட் மாமாவும் எங்கள் நூலகத்து ஓட்டையும்

லிஸ்ட் மாமாவைப் போல ஆபத்தான நல்லவரை இந்த எழுபத்தெட்டு வயதுவரை நான் பார்த்ததில்லை. தெரிந்ததையெல்லாம் பட்டியல் போட்டு ஊரறிய ஒட்டிவிடுவார். ஒருமுறை எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டு நாய் கடிக்கும் என்று எழுதி விளக்குக் கம்பத்தில் ஒட்டினார். தபால்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதே வாரம், பட்டியலில் இல்லாத வீடுகளில் மூன்று பித்தளை அண்டாக்கள் காணாமல் போயின.

எழுபதுகளில் நான் மயிலாப்பூரில் ஒரு வாடகை நூலகத்தில் குமாஸ்தா. மொத்தம் 2,146 புத்தகங்கள். வருஷக் கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். புத்தகத்துக்கு ஓர் அட்டை உண்டு. எடுத்துப் போகிறவர் பெயரை அதில் எழுதி மேஜைமேல் பெட்டியில் வைப்பேன். அந்த அட்டையை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

மாமா சைக்கிளில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எல்லாம் சுற்றினார். பதினேழு நூலகங்களில் கணக்கு வைக்க என்னென்ன முறை என்று விசாரித்து, சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்து, பதினேழு வாசலிலும் ஒட்டினார். எங்கள் நூலகத்தைப் பற்றிய வரி இது: “அட்டை முறை. பெட்டிக்குப் பூட்டு இல்லை. கண்ணாடி போட்டிருக்கும்போது மட்டும் குமாஸ்தா கவனம்.”

படித்ததும் மாமா வீட்டுக்குப் போனேன்.

“திருடனுக்கு வழி சொல்லிக் குடுத்திருக்கேளே மாமா.”

“ஓய், யார் எப்படி நடத்தறான்னு தெரிஞ்சாத்தானே ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை? மூடி வெச்சா ஓட்டை தானா அடைஞ்சுடுமா?”

அன்றிலிருந்து மூன்று வேளையும் புத்தகங்களையும் அட்டைகளையும் எண்ணினேன். கண்ணாடியைக் கழற்றவே இல்லை, முகம் கழுவும்போதுகூட.

நாலாம் நாள், அந்த லிஸ்ட்டும் கையுமாக ஒருவர் வாசலில் ஒன்பது நிமிஷம் நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

“கண்ணாடி சார் நீங்கதானா?”

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டேன்.

“பயந்துக்காதீங்க சார். நான் தி.நகர் லைப்ரரில வேலை செய்றேன். உங்க கிட்டயும் எங்க மாதிரியே அட்டைப் பெட்டின்னு லிஸ்ட்ல கீது, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். குடை வெச்சுக்கினு ஒரு ஆளு வருவான். புக்கு எடுப்பான், தண்ணி கேப்பான். நீங்க பானை பக்கம் திரும்புனா அட்டைய உருவிடுவான். அப்புறம் யாரைப் போய்க் கேப்பீங்க? எங்க கிட்ட பதினாலு போச்சு சார்.”

உடனே என் பின்னால் இருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி மேஜைக்கு முன்னால் வைத்தேன். ஆறாம் நாள் குடைக்காரர் வந்தார். புத்தகம் எடுத்தார். அட்டையில் பெயரை எழுதிப் பெட்டியில் வைத்தேன்.

“தாகமா இருக்கு. தண்ணி கிடைக்குமா?”

“உங்க பக்கத்துலயே இருக்கு சார்.”

பாவம், வேறு வழியில்லாமல் மூன்று டம்ளர் குடித்தார். புத்தகம் வேண்டாம் என்று வைத்துவிட்டுக் கிளம்பினார். குனிந்து குடையை எடுத்தபோது சட்டைப்பையில் மடித்த லிஸ்ட் தெரிந்தது.

மாமாவிடம் ஓடினேன். “அவனை அழைச்சுண்டு வந்ததே உங்க லிஸ்ட்தான்.”

“காப்பாத்தினதும் அதுதானே ஓய்.”

“தி.நகர்க்காரர் ரெண்டு நாள் முன்னாடி வந்தார், தப்பிச்சேன். ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா?”

மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் நூலகம் திறக்கும்போதே வந்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன மாமா?”

“நேத்து நீர் கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. லிஸ்ட்டைக் கிழிக்கவும் மனசு வரல. அதனால உக்காந்திருக்கேன். மத்தியானம் நீர் உள்ளே போய்ச் சாப்பிடும், நான் பெட்டியைப் பாத்துக்கறேன்.”

கணக்கெடுப்பு முடியும்வரை வந்தார், அறுபத்தேழு நாள். அலமாரியும் அட்டையும் சேர்த்து 2,146 சரியாக இருந்தது. என் வாழ்நாளில் மதியச் சாப்பாட்டை நான் பயமில்லாமல் சாப்பிட்டது அந்த அறுபத்தேழு நாள்தான்.