எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சீங்க?

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் எந்தக் கிணறு எந்த வருஷம் தோண்டியது என்று தாசில்தாருக்கே தெரியாது, கிணத்தக்காவுக்குத் தெரியும். கை நடுங்கும் பார்க்கின்சன் நோய் பரம்பரையால் வருகிறதா, கிணற்றுத் தண்ணீரில் இறங்கும் பூச்சிமருந்தாலும் கெமிக்கலாலும் வருகிறதா என்று ஆராயும் குழுவுக்காக, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, ரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

டீ மாஸ்டரிடம் சர்க்கரை கேட்பதற்கு முன்பே, "அண்ணே, சின்ன வயசுல எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சீங்க?" என்பார். ஒருமுறை கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டு, பார்ட்ஸ் கழுவும் கெமிக்கல் பற்றி வரிசையாக விசாரித்தார். சூப்பர்வைசர் கடுப்பாகிவிட்டார்.

"இன்னாம்மா, கம்ப்ளெயின்ட் எழுத வந்தியா?"

"இல்லண்ணே. உங்க மூக்கு வாசனை நல்லா புடிக்குதா? இந்த நோவுல அதான் முன்னாடி போவும்."

அன்று முழுக்க அந்த மனுஷன் ஊழியர்களின் டிபன் பாக்ஸை எல்லாம் மோந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அப்பாவுக்காக. வலது கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து அப்பா சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளறையிலேயே கிடந்தார். வெளியே அம்மாவுக்கும் அத்தைக்கும் ஓயாத சண்டை.

"இது உங்க வம்சத்து நோவு."

"எங்க அண்ணன் கல்லு மாதிரி இருந்தாரு, அண்ணி. உங்க அப்பாவோட நெலத்துல பூச்சிமருந்து அடிச்சுதான் இப்படி ஆயிட்டாரு."

கிணத்தக்கா இரண்டையும் எழுதிக்கொண்டார். "ரெண்டு பேரு சொல்றதும் சரியா இருக்கலாம். ரத்தத்துல கொஞ்சம் இருக்கும், மருந்து கொஞ்சம் தள்ளி வுடும். அதத்தான் தேடிக்கினு கீறோம்."

"அப்ப தப்பு யாரு மேல?" என்றார் அம்மா, விடாமல்.

"தப்புக்கு என் ஃபாரத்துல கட்டமே கெடையாதும்மா."

பிறகு அப்பாவிடம் போனார். "ஐயா, மருந்து எப்படிக் கலப்பீங்க?"

அப்பா மதியம் முழுக்கப் பேசினார். வெறுங்கையால் கலக்கியது, டேங்க் ஒழுகி முதுகு நனைந்தது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். கை துண்டை விட்டு வெளியே வந்ததை அவரே கவனிக்கவில்லை.

கூடப் பிறந்தவர் ரத்தமும் வேண்டும் என்றதும் அத்தை பின்வாங்கினார். "என் பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு கீறோம். நடுக்கக் குடும்பம்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

கிணத்தக்கா பேனாவை மூடினார். "எங்கம்மாவுக்கும் இதே நோவுதான். நானும் ரத்தம் குடுத்திருக்கேன். எம் புருசன் ஓடப் பாத்தது என் கேள்வி தாங்காம. ரத்தத்துக்குப் பயந்து இல்ல. உங்க பேரு வெளிய போவாது, வெறும் நம்பர்தான். வேணாம்னு தோணுச்சுன்னா வுட்ருங்க."

அத்தை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் நர்ஸ் முன் கையை நீட்டினார். ஊசி தொடுவதற்கு முன்பே அவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது.

அப்பாவுக்கு நோய் எதனால் வந்தது என்று இன்னும் தெரியவில்லை. ஒரு வீட்டு ரத்தத்தில் தீர்கிற கேள்வியில்லையாம் அது. ஆயிரம் வீடுகள் சேர வேண்டுமாம். ஆனால் அப்பா ஞாயிறுதோறும் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறார்.

கிணத்தக்காவை இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். போன வாரம் அங்கிருந்து போன் செய்தார். நான் பேசிக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்:

"அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சான்னு கேளு."