சத்தம் போடாத மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது பற்றி

பீன்யா, பெங்களூர்
2007 ஆடி, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி கோவிந்தராஜனுக்கு அக்கா பாஞ்சாலி எழுதிக்கொண்டது. இங்கே நான், மகன் கணேசமூர்த்தி, மருமகள் வனஜா மூவரும் சுகம். கோயமுத்தூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்கப் பெருமாள் துணை. என் பெரியவள் கல்யாணத்துக்கு நீ தாலி கட்டி முடிந்தபிறகு வந்து சேர்ந்ததை இதில் எழுதப்போவதில்லை.

விஷயம், நீ எங்கள் தலையில் கட்டிய மெஷின். கீழே ஷெட்டில் தகடு வளைக்கிற பழைய மெஷின் இருந்ததே, அதைக் காலையில் போட்டால் சாயங்காலம் வரைக்கும் ஊய் என்று ஓடிக்கொண்டே இருக்கும், வளைத்தாலும் ஓடும், ஆட்கள் சோறு தின்னப் போனாலும் ஓடும். அந்தச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே நான் மாடியிலிருந்து இறங்கி, படிக்கு அடியில் உள்ள பெரிய கைப்பிடியைத் திருப்பி, ஷெட் லைனை ஜெனரேட்டருக்கு மாற்றிப் போடுவேன். ஷெட் போட்ட நாளாக அது என் பொறுப்பு. ஜெனரேட்டர் சூடேறுகிற வரைக்கும் ஆட்கள் டீக்குப் போவார்கள், அது அவர்கள் வழக்கம். இப்படி ஒழுங்காக நடந்த இடத்துக்கு நீ வந்து, "மாப்ளே, வளைக்காத நேரத்துல மோட்டார் எதுக்கு ஓடணும்? இது மிதிச்சாத்தான் ஓடும், மிச்ச நேரம் மூச்சு விடாது, கரண்டு பாதிதான் ஆகும்"னு சொன்னே. கணேசமூர்த்தியும் வாங்கிட்டான். எனக்கு யாராவது சொன்னீங்களா?

முதல் நாளே சத்தம் நின்றது. நான் இறங்கிப்போய் ஜெனரேட்டரைப் போட்டேன். ஆட்கள் டீக்குப் போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்ததும், கரண்ட் போனது நிச்சயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து வளைத்தார்கள், மறுபடி சத்தம் நின்றது, மறுபடி நான் இறங்கினேன். தினமும் இதே கதைதான். பாதி வளைந்த தகடுகள் நாய்க்காது மாதிரி மூலையில் சேர்ந்தன. மாசம் முடிந்து பில் வந்தது. நீ சொன்னபடியே கரண்ட் பாதிகூட ஆகவில்லை. கணேசமூர்த்தி உனக்கு போன் போட்டு, "மாமா, நீங்க தெய்வம்"னான், ஷெட்டுக்கே மைசூர்பாக் கொடுத்தான். மறுநாள் டீசல்காரன் வந்து, "ஏன் சார், பஸ்ஸு கிஸ்ஸு வாங்கிட்டீங்களா?"னு கேட்டான்.

அப்புறம்தான் என் பிள்ளை மாடிக்கு வந்தான்.

"அம்மா, கரண்ட் போகவே இல்லம்மா. மெஷின் சும்மா நின்னுச்சு."

"சும்மா நிக்கறதுக்காடா அதை வாங்கினே? அதுக்குத்தான் எத்திராஜ் இருக்கானே!"

மெஷின் ஓட்டுகிற அந்த எத்திராஜ் கீழே நின்று சிரிக்கிறான். அவனுக்கு இத்தனை டீ எந்தக் கம்பெனியில் கிடைக்கும்? கணேசமூர்த்தி கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வனஜா இடுப்பில் சொருகிவிட்டான். நேற்று வந்தவள் இடுப்பில்! சரி, பதினாறு வருஷம் ஆகிறது, இருக்கட்டும். இப்போது நான் சத்தமில்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை ஒருத்தன் வந்து பழைய மெஷினை விலைக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான். அதற்குள் நீ லாரியோடு வந்து உன் மெஷினை எடுத்துக்கொண்டு போகவேண்டியது. பழசு அதன் இடத்துக்கு வரவேண்டும், சாவி என் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, லாரி வந்தபிறகு.

இப்படிக்கு,
பாஞ்சாலி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது உன் பெண்டாட்டி கோமளம் போன் செய்தாள். "அண்ணி, நான் அப்பவே இவருகிட்ட சொன்னேன், அவங்களுக்குப் புது மெஷினெல்லாம் ஒத்துவராது, பழசையே கட்டிக்கிட்டு இருக்கட்டும்னு. திருப்பி அனுப்பிடுங்க" என்கிறாள். ஆகையால் லாரி வேண்டாம். பழசை இன்றைக்கே தூக்கிப் போகச் சொல்லிவிட்டேன். உன் மெஷின் தங்கம். ஒரு தடவை கோமளத்தைக் கூட்டிக்கொண்டு வா. வேலையில்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.