ஓவர்சியர் வருவதற்குள்

எந்த வேலையை வேண்டுமானாலும் எனக்குக் கொடுங்கள், செய்கிறேன். சும்மா இருக்கிற வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்னால் பஸ் ஸ்டாண்டை நாலு சுற்று சுற்றி வந்துவிடுவேன். பல் பிடுங்கப் போன இடத்தில் உட்கார முடியாமல் மற்ற நோயாளிகளின் செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்தவன் நான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பதற்றத்துக்கு வெப்ராளம் என்று பெயர். (மருந்து கிடையாது. என் அப்பாவுக்கும் இருந்தது.) இந்த வெப்ராளத்தால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க இருந்த வீட்டை ஒரே நாளில் கெடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறையில் நடந்துகொண்டிருந்த சின்ன அறக்கட்டளை. நாங்கள் வீடு கட்டிக் கொடுப்பவர்கள் இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரவேண்டிய வீட்டை, அரசு தருகிறவரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் எங்கள் தொழில். மனு எழுதுவோம், பட்டாவுக்கு அலைவோம், திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்போம். இதையெல்லாம் நடத்திக்கொண்டிருந்தவர் ஷீலா அக்கா. சத்தம் போட்டுப் பேசமாட்டார், ஆனால் அவர் வருவதைப் பார்த்தாலே தாலுகா ஆபீஸில் பேனாக்கள் ஓட ஆரம்பிக்கும்.

திற்பரப்புக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது செல்லபாய் அக்காவின் வீடு. அவருக்கு அண்டி ஆபீஸில் வேலை. (வெளியூர்க்காரர்களுக்கு: அது ஆபீஸ் இல்லை, முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை.) கணவர் பாலையன் அண்ணன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். மண்சுவர், மண்தரை, ஓலையும் தார்ப்பாயும் கலந்த கூரை. படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகளின் புத்தகங்கள் ஒரு பிளாஸ்டிக் பையில், நனையாமல் இருக்க, உத்தரத்தில் தொங்கும். பட்டா வாங்கவே ஷீலா அக்காவுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. பெயர் பட்டியலில் வந்தாயிற்று. ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வந்து வீட்டைப் பார்த்து, இது மனிதர்கள் இருக்கத் தகுந்த வீடு இல்லை என்று எழுதினால் புது வீடு உறுதி. இந்த விதியை ஊர் ஊராகப் போய் மைக் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தவனே நான்தான்.

"ஜெபா, நீ அங்க போய் ஒண்ணும் செய்யாண்டாம். ஓவர்சியர் வருவாரு, பாப்பாரு, போவாரு. நீ சும்மா கூட நின்னா போதும்," என்றார் ஷீலா அக்கா.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஓவர்சியருக்காக ஒன்பதரைக்கே போய் நின்றேன். ஒரு வாரமாகப் பெய்த மழை அன்றைக்குப் பார்த்து விட்டிருந்தது. வீட்டுக்குள்ளே ஒன்பது பாத்திரங்கள் ஒழுகுகிற இடங்களில் அதனதன் நிலையில் இருந்தன. குடம், சருவம், அலுமினியச் சட்டி, ஒரு பழைய பெயிண்ட் வாளி. ராத்திரி மழையின் மிச்சம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஓவர்சியர் உள்ளே காலை வைத்தால் போதும், பேனாவை எடுத்துவிடுவார். ஆனால் பத்தரைக்கு போன் வந்தது.

"தம்பி, நான் இப்பம் திருவட்டாறுல நிக்கேன். ஒரு மணிக்கூர்ல வந்திருவேன்."

ஒரு மணி நேரம்! சும்மா! முற்றத்தைப் பெருக்கினேன். விறகை அடுக்கினேன். கோழிக்கூட்டை இடம் மாற்றினேன். (கோழிகளுக்கு அதில் சம்மதமில்லை.) பிறகு உள்ளே போனவன் கண்ணில் அந்த ஒன்பது பாத்திரங்கள் பட்டன. வருகிறவர் கால் தட்டினால் என்ன ஆவது? எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி, துடைத்து, கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.

செல்லபாய் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, அது அங்கயே இருந்தா என்னவாக்கும்?"

"எக்கா, வீட்டுக்கு ஒரு ஆபீசர் வரும்போ சட்டியும் பானையுமா கிடந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் விலகி எனக்கு வழிவிட்டார். பட்டா வாங்கித் தந்த ஆபீஸிலிருந்து வந்த பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களோ, ஜெபத்துக்குப் போதகரோ ஒரு வீட்டுக்கு வந்தால், அந்த வீட்டில் இல்லாததெல்லாம் அடுத்த வீட்டிலிருந்து வந்து சேரும். வந்தவர் தெருமுனை தாண்டியதும் அதது அதன் வீட்டுக்குத் திரும்பிப் போகும். என் கல்யாணப் பேச்சின்போது எங்கள் வீட்டில் ஓடிய டிவி எங்களுடையது அல்ல. (இது என் மனைவி அனிதாவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.) பன்னிரண்டு மணிக்கு ஓவர்சியர் மறுபடி போன் செய்து, சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னபோது, என் ரத்தத்தில் ஊறிய அந்த வழக்கம் எழுந்து நின்றது.

பக்கத்து வீடு லில்லி அக்காவுடையது. கணவர் சவுதியில். கான்கிரீட் வீடு, கலர் கலராக சாமான். நான் போய் இரண்டு நாற்காலி கேட்டேன்.

"நாற்காலி என்னத்துக்கு தம்பி? சோபாவையே கொண்டு போங்க," என்றார் அந்தப் பெரிய மனசுக்காரி.

மூன்று பேர் உட்காரும் சோபா. நானும் லில்லி அக்காவும் இரண்டு ரப்பர் தொழிலாளிகளுமாகத் தூக்கி வந்தோம். கூடவே டைல்ஸ் டிசைன் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வந்து மண்தரையை மூடியது. சுவர்க்கடிகாரம் வந்தது. ஸ்டாண்டு ஃபேன் வந்தது. இரண்டு மணிக்கு அண்ணாந்து பார்த்தேன். கூரை ஓட்டைகள் வழியாக வானம் தெரிந்தது. அசிங்கமாக இருந்தது. கல்யாண வீட்டில் கட்டுவதுபோல லில்லி அக்காவின் வெள்ளைப் போர்வைகளை இழுத்து, கூரைக்குக் கீழே மேல்கட்டி கட்டினேன். ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை.

"தம்பி," என்றார் செல்லபாய் அக்கா மறுபடியும். "அவிய பாக்க வாறது எங்க வீட்டத்தானே?"

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. நான் ஸ்டூல் மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தேன், மண்டையில் ஏறவில்லை.

மூன்று மணிக்கு மிச்சம் இருந்தது ஜன்னல் மட்டும்தான். ஜன்னல் என்றால், மண்சுவரில் ஒரு ஓட்டை. என் ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு புது கர்ட்டன் இருந்தது. அனிதாவின் சித்தி கல்யாணப் பரிசாகக் கொடுத்தது, மயில் நீலத்தில் தங்கப் பூ. போகிற வழியில் தக்கலை தையல்காரரிடம் ஓரம் அடிக்கக் கொடுக்கும்படி அனிதா தந்தனுப்பியது. சீக்கிரம் போய் நிற்கும் அவசரத்தில் காலையில் கொடுக்காமல் வந்திருந்தேன். அதை மாட்டினேன். தூர நின்று பார்த்தேன். எனக்கே அந்த வீட்டில் குடிவரலாம் போல இருந்தது.

நாலு மணிக்கு ஓவர்சியர் வந்தார். நல்ல மனிதர், களைத்திருந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் முகம் தெளிந்தது. ஃபேன் காற்றில் மட்டிப்பழமும் முந்திரிக்கொத்தும் சாப்பிட்டு, கண்ணாடி கிளாஸில் காப்பி குடித்தார். தரையைப் பார்த்தார். மேலே பார்த்தார். கர்ட்டனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொள்ளாம்," என்றார். "நல்ல வச்சிருக்கிய வீட்ட."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் எதையோ எழுதிக்கொண்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பைக் சத்தம் வளைவில் மறைகிற வரைக்கும் கைகூப்பி நின்றேன். அதற்குப் பிறகுதான், ஏணி வைத்து ஏறினவன் உச்சியில் போய்க் கீழே பார்ப்பதுபோல, என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அவர் போய் அரைமணி நேரத்தில் மழை வந்தது. மேல்கட்டி மெல்ல மெல்லத் தொந்தி போட்டது. நானும் செல்லபாய் அக்காவும் லில்லி அக்காவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முடிச்சு அவிழ்ந்து, அத்தனை தண்ணீரும் சவுதி சோபாவில் கொட்டியது. நான் கட்டிலுக்கு அடியில் நுழைந்து ஒன்பது பாத்திரங்களையும் இழுத்தேன். எது எந்த இடத்துக்கு என்று தெரியவில்லை. செல்லபாய் அக்காதான் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார்.

"இந்த மழை ஒரு மணிக்கூர் முந்திப் பெய்திருக்கப்பிடாதா?" என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். கர்ட்டனைக் கழற்றித் தர வந்தார். அதற்குள் பிள்ளைகளின் புத்தகப் பையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, கர்ட்டனை வாங்கி அதன்மேல் சுற்றினேன். "இருக்கட்டும் எக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அனிதா கேட்டாள். தையல்காரர் தொலைத்துவிட்டார் என்றேன். (இதுவும் ஒப்புதல் வாக்குமூலத்தில் சேரும்.)

ஒன்றியத்திலிருந்து வந்த கடிதத்தில் 'வசிக்கத் தகுந்த வீடு உள்ளது' என்று இருந்தது. ஷீலா அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன்னய சும்மாதானே இருக்கச் சொன்னேன்?" என்றார். என்னால் ஒரு குடும்பம் இன்னொரு மழைக்காலம் முழுக்க ஒன்பது பாத்திரங்களோடு படுத்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் திங்கட்கிழமை தோறும் அந்த ஒரே மனுவோடு நான் வரிசையில் நின்றேன். கடைசியில் மறு ஆய்வுக்கு உத்தரவு வந்தது. ஷீலா அக்கா அன்றைக்கு என்னை நாகர்கோவில் ஆபீஸில் உட்காரவைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனார். (அதற்குள் மூன்று பீரோ ஃபைல்களையும் நிறவாரியாக அடுக்கிவிட்டேன்.) அங்கே நல்ல மழையாம். அதே ஓவர்சியர்தானாம். செல்லபாய் அக்கா அவருக்கு ஒரு பலகை போட்டு, பெரிய ஓட்டைக்கு நேர் கீழே உட்காரவைத்திருக்கிறார். ஃபாரம் பாதி எழுதும் முன்பே நனைந்துவிட்டதாம்.

வீடு வந்தது. பால்காய்ப்புக்கு அனிதாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வீடு, சிமெண்ட் தரை, கான்கிரீட் கூரை. செல்லபாய் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்து, நடுக்கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தினார்.

"தம்பி இஞ்ச இரியுங்க. எந்திரிக்கப்பிடாது. எதையும் தொடப்பிடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணாந்து அந்தக் கூரையைப் பார்த்து எனக்குக் கண்ணும் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அனிதா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நிஜமான ஜன்னல். அதில் மயில் நீலத்தில் தங்கப் பூ. செல்லபாய் அக்கா கையாலேயே அழகாக ஓரம் தைத்திருந்தார்.

அத்தனை நாளும் அனிதா தக்கலையைத் தாண்டும்போதெல்லாம், கர்ட்டனைத் தொலைத்த கோபத்தில், அந்தத் தையல்காரரின் கடைப்பக்கம் முகத்தைக்கூடத் திருப்பியதில்லை. இப்போது துணியின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டெய்லரு நல்லா ஓரம் அடிச்சிருக்காரு, இல்லியா?" என்றாள்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் முன்ஜன்னலுக்கு இன்றுவரை கர்ட்டன் கிடையாது. வேண்டாம் என்று அனிதா சொல்லிவிட்டாள். நான் லேட்டாக வந்து பஸ் கிடைக்கவில்லை என்றாலும் சரி, கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்றாலும் சரி, அடுக்களையிலிருந்து அந்த ஒரு வரி வரும். இப்போதெல்லாம் அவள் சொல்வதற்கு முன்பே என் மகள் சொல்லிவிடுகிறாள்.