மஸ்கட் மாப்பிள்ளையும் தலைகீழ்த் திரையும்

அக்காவைப் பார்க்க மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை வீடியோவில் வருவதாக இருந்த சனிக்கிழமை காலை. அப்பாவின் லேப்டாப்பில் அப்டேட் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது: விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டால் என்ன? (எனக்கு லினக்ஸ் தெரிந்து அன்றோடு பதினொரு நாள்.)

திரையைப் பின்னால் மடக்குகிற வகை லேப்டாப் அது. எப்படிப் பிடித்தாலும் படம் தானாக நிமிர்ந்துகொள்ளும். லினக்ஸ் போட்டதும் லேப்டாப் வேகத்தில் பறந்தது. சாயங்காலம் ஸ்டூலில் தூக்கி வைத்தேன். அப்பா ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னட்டி இது?" என்றாள் அம்மா, சிரிப்பு மாறாமல், பல்லுக்குள்ளேயே.

"டிரைவர் பிரச்சினைம்மா. ரெண்டு நிமிஷம்."

ஒரு கட்டளை அடித்தேன். தலைகீழாகவே பச்சையானார்கள். இன்னொன்று அடித்தேன். கோடு விழுந்தது.

"பையனுக்க நிறம் ஃபோட்டோவுல இப்பிடி இல்லையே," என்று அம்மா அப்பாவின் காதில் கவலைப்பட்டாள்.

முகம் பார்க்க அப்பா தலையைச் சாய்த்தார். அம்மாவும் சாய்த்தாள். அருமனைப் பெரியப்பா சோபாவின் கைப்பிடி வரை வளைந்துவிட்டார். அந்தப் பக்கமோ படம் நேராகத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு குடும்பமே கழுத்தைத் திருகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்குத் தானும் சாய்ந்தார்.

"ஒங்களுக்கு எல்லாருக்கும் கழுத்து சுகமில்லியா?"

மாப்பிள்ளையின் ஃபோட்டோவை ஏற்கெனவே பைபிளுக்குள் வைத்திருந்த அக்காவுக்கு அழுகை முட்டியது. லேப்டாப்பைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். அது கடமை தவறாமல் படத்தையும் திருப்பிக்கொண்டது. அவர்கள் எங்களுக்கு மறுபடியும் தலைகீழ். கேமராவும் கவிழ்ந்துவிட்டதால் இப்போது நாங்களும் அவர்களுக்குத் தலைகீழ்.

சம்பந்தம் முறிந்தது என்று பெரியப்பா செருப்பைத் தேடினார்.

அப்போது மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கொழுந்தியா, அது டிரைவர் இல்ல. சென்சாராக்கும். ஆட்டோ ரொட்டேஷன ஆஃப் பண்ணு."

நான் சென்சாரைத் தேடிக்கொண்டிருந்தேன். 'கொழுந்தியா' என்றதைக் கவனித்தது அம்மாதான். "காப்பி போடுட்டி," என்றாள் என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில் இரு வீட்டாரும் கழுத்தைச் சாய்த்தே நிற்கிறோம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அத்தான் காரணம் சொல்லுவார்.

அவர் இப்போது லீவில் வந்திருக்கிறார், புது லேப்டாப்போடு. அதுவும் மடங்குகிற வகை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்ட அக்கா, "வா, ஆனா கைய வீட்டுல வச்சிட்டு வா," என்றாள்.

லினக்ஸ் இருந்த பென்டிரைவை பைபிள் உறைக்குள் வைத்துவிட்டேன். அங்கே யாரும் தேடமாட்டார்கள்.