ஜெர்மனிக்குப் போன டெலி லென்ஸ்

பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது யாரும் போகிற ஊருக்காகக் கட்டுவதில்லை. அந்த ஊர் நம்மை யாரென்று நினைக்க வேண்டும் என்று ஆசையோ, அதற்காகத்தான் கட்டுகிறோம். தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனிக்குப் புறப்பட்ட நான் ஒரு மகா கலைஞனுக்கான பெட்டியைக் கட்டினேன். கலைஞன்தான் கடைசிவரை வந்து சேரவில்லை.

எங்கள் ஊர் கணபதியில் என் மாமனாருக்கு ஒரு பட்டறை. மில்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தே காலம் போகிறது, ஒரு முழு மிஷின் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. அன்னூர்ப் பக்கத்து மில் முதலாளி ஒருவர், நூல் சுற்றும் மிஷினைப் புது மாடலில் செய்து ஓட்டிக் காட்டினால் மில்லுக்கு வேண்டிய அத்தனையும் அவரிடமே எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் புது மாடல் ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்கு வருகிறது. போக வேண்டும், நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும், வந்து செய்ய வேண்டும். (இதற்கு வேறு பெயர் வைக்கிறவர்கள் உண்டு. எங்கள் ஊரில் ‘பார்த்துட்டு வாரேன்’ என்றுதான் சொல்வோம்.) புது மாப்பிள்ளையான என்னிடம் ஒரு கேமரா இருந்தது. அவரோடு நானும் புறப்பட அதுதான் என் ஒரே தகுதி.

பெட்டியில் பாதியை மாமியாரின் இனிப்புக் கச்சாயமும் பருப்புப்பொடியும் பிடித்துக்கொண்டன. மீதி இடத்துக்கு லென்ஸ்கள் சண்டை போட்டன. கிட்ட நின்றே மொத்தக் கல்யாணக் கூட்டத்தையும் பிடிக்கும் வைட் லென்ஸை ஒதுக்கினேன். பிளாஷையும் ஒதுக்கினேன். எடுத்துக்கொண்டது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் முழங்கை நீள டெலி லென்ஸ், ஸ்டாண்டு, விளக்கொளியை நட்சத்திரமாகச் சிதறடிக்கும் ஸ்டார் ஃபில்டர். எனக்குள் அப்போது பனி பெய்துகொண்டிருந்தது. கோபுர உச்சியில் ஒரு புறா, அதன் இறகில் ஒரு துளி, அந்தத் துளிக்குள் ஐரோப்பா. மிஷின் அந்தத் துளியில் எங்கேயும் இல்லை.

“ஏனுங்க, கிட்டப் போனா மிஷினு ஓடிப்போயிருமாங்க? இத்தாம் பெரிய குழலு எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“உனக்குக் கலையெல்லாம் புரியாது.”

“புரியாதுங்க. மிஷினு புரியுமுங்க. பட்டறைலதானுங்க வளந்தேன்.”

மாமனார் டெலி லென்ஸைக் கையில் எடுத்து, ஷாஃப்டைப் பார்ப்பதுபோல் உருட்டிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். ஆனால் புது மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பது எங்கள் பக்கம் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். “மாப்ளைங்க பார்த்து எடுத்தாச் சரிங்க” என்று வைத்துவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் எங்களை முடித்தது.

கண்காட்சியில் அந்த மிஷின் லாரி நீளத்துக்கு நின்றது. கடைக்காரர் தங்கமான மனிதர், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள் என்று கையை விரித்துவிட்டார். டெலி வழியாகப் பார்த்தேன். ஒரு நட்டு தெரிந்தது. பின்னால் நகர்ந்தேன். இரண்டு நட்டு. இன்னும் நகர்ந்தேன். முதுகில் காபிக் கடை இடித்தது, முன்னால் ஜெர்மனியே குறுக்கும் நெடுக்கும் நடந்தது. ஸ்டாண்டை விரித்தால் வழியை மறைக்கிறதென்று காவலாளி மடக்கச் சொன்னார். முதல்நாள் வெளியே படமெடுக்கத் திருகி மாட்டிய ஸ்டார் ஃபில்டரோ இறுகிப்போய்க் கழல மறுத்தது.

“மாப்ளைங்க, இங்கயே சின்னதா ஒரு கேமரா வாங்கிக்கலாமுங்களா? சும்மா, ஒரு தொணைக்கு” என்றார் மாமனார்.

“தேவையில்லைங்க மாமா. துண்டு துண்டா எடுத்து ஒட்டிக்கலாம்.”

“அப்படிங்களா. சரிங்க.”

ஊருக்கு வந்து, கழுவிய படங்களைப் பட்டறைத் தரையில் பரப்பினோம். ஃபில்டரின் புண்ணியத்தில் ஒவ்வொரு நட்டும் மூக்குத்தி போட்டிருந்தது. எது எதற்குப் பக்கத்து வீடு என்று எனக்கே தெரியவில்லை. மாமனார் மண்டிபோட்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

“இது புறாவுங்களா?”

“ஆமாங்க மாமா. அது வெளியில எடுத்தது.”

“நல்லாருக்குதுங்க. கண்ணுகூடத் தெரியுது.”

அந்த மூக்குத்திகளை நம்பியே மிஷினைச் செய்தார். மில் முதலாளி வந்தார், சுவிட்சைப் போட்டார்கள். நூல், தான் சுற்ற வேண்டிய கோனை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுற்றியது. பட்டறை முழுக்கச் சிலந்திகளின் கல்யாண மண்டபம்போல் ஆனது. மூக்குக்கண்ணாடியிலிருந்து நூலை உரித்துக்கொண்டே, “படம் யாரு எடுத்ததுங்க?” என்று கேட்டார் முதலாளி.

மாமனார் என்னைப் பார்க்கவே இல்லை. “படமெல்லாம் மாப்ளைங்க நல்லாத்தானுங்க எடுத்தாரு. மிஷினுதான் சரியா நிக்கலீங்க.”

ஆர்டர் வேறொருவருக்குப் போனது. மாமனார் கடைசிவரை உதிரி பாகமே செய்தார், ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் சொன்ன அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு குடும்பமே இன்றுவரை என்னை வறுக்கிறது. சாம்பாரில் உப்பு கூடினால் “சாம்பாரு நல்லாத்தான் இருக்குது, நாக்குதான் சரியா நிக்கல” என்கிறார்கள். மகள் கணக்கில் தோற்றபோதும் கேள்வித்தாள்தான் சரியாக நிற்கவில்லை.

போன வாரம் புதிதாக எழுதிய கவிதை ஒன்றை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

“ஏன், நல்லா இல்லையா?”

“நல்லாத்தானுங்க இருக்குது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நாந்தான் சரியா நிக்கலீங்க.”