இந்த வருடத்து ஆல்பம்

இந்த வருடம் அந்தச் சால்வையை வாங்காமல் விடுவதில்லை என்று டிசம்பர் முதல் தேதியே முடிவு செய்துவிட்டேன்.

சாதாரணச் சால்வை இல்லை, கள்ளக்குறிச்சி இசை ரசிகர் வட்டத்தின் சால்வை. பேர்தான் வட்டம், ஆள் ஆறு பேர். வருடக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த வருடம் வந்ததில் தனக்குப் பிடித்த ஆல்பத்தை ஒவ்வொருவரும் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு கை தூக்கி ஓட்டு. ஜெயித்த ஆல்பத்தைக் கொண்டுவந்தவருக்குச் சால்வை. ஏழு வருடத்தில் என்னைத் தவிர எல்லாரும் போர்த்திவிட்டார்கள்.

இந்த முறை என் கையில் ஒரு புதையல் இருந்தது. வெள்ளிமலைப் பக்கம் நாலு பிள்ளைகள் ஒரு ரூமில் உட்கார்ந்து பதிவு செய்த 'சாமைக்காடு' என்ற ஆல்பம். எட்டுப் பாட்டு. பாடியது சந்திரலேகா என்று ஒரு பெண். மூன்றாவது பாட்டை முதல்முதலாகக் கேட்டபோது என் ரிப்பேர் கடையில் ஒரு மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். கண் கலங்கி, எந்தப் பக்கம் சுற்றுகிறேன் என்பதே மறந்துபோனது. அந்த மோட்டார் இன்றைக்கும் தலைகீழாகத்தான் சுற்றுகிறதாம்.

சிக்கல் ஒன்றுதான். கூட்டம் இந்த வருடம் என் வீட்டில். என் வீட்டில் பாட்டுக்குத் தடை. போன வருடம் ஒரே ஆல்பத்தைப் பத்து நாள் விடியற்காலையில் அலறவிட்டதில், என் மனைவி அம்சவள்ளி ஸ்பீக்கரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் தாலிக்கயிற்றில். "பாட்டுன்னு சொல்லிக்கினு ஒருத்தரும் இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது" என்பது தீர்ப்பு.

எனவே 'பாட்டு' என்ற சொல்லையே வெட்டிவிட்டேன்.

"அம்சா, ஞாயித்துக்கெழம சிநேகிதங்க வராங்க."

"இன்னாத்துக்கு?"

"ஆல்பம் விஷயமா."

"இன்னா ஆல்பம்? கல்யாண ஆல்பமா?"

நான் பொய் சொல்லவில்லை. சும்மா சிரித்தேன். சிரிப்புக்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாலும் அதற்கு நான் பொறுப்பில்லை.

"ஆறு ஆம்பளைங்க ஒக்காந்து கல்யாண ஆல்பமா பாக்கப் போறீங்க?"

"ஏன், ஆம்பளைக்குக் கல்யாணம் ஆவலியா?"

"நல்ல விஷயந்தான். அன்னிக்கு நான் சங்கராபுரத்துல அக்கா வூட்டுக்குப் போலாம்னு பாத்தேன்."

"போய்ட்டு வா! நாலு நாள் இருந்துட்டே வா!"

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிறு காலை பத்து மணி. எங்கள் தலைவர் பகலவன் வந்தார். விதைக்கடைக்காரர், ஸ்பீக்கரை வேர்க்கடலைச் சாக்கில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி அமிர்தம். பின்னாலேயே மற்ற நாலு பேர், நாலு மனைவிமார். ஒவ்வொரு அம்மா கையிலும் ஒரு கட்டைப்பை, பைக்குள் தடிமனாக ஒரு கல்யாண ஆல்பம்.

பட்டுப்புடவையில் அடுப்படியிலிருந்து வந்தாள் அம்சவள்ளி. "வாங்க, வாங்க! போன்ல சொன்ன மாதிரி எல்லாரும் எடுத்தாந்துட்டீங்களா?"

அவளை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனேன். "சங்கராபுரம் போவலியா?"

"பதினெட்டு வருஷத்துல மொத தபா ஆல்பம் பாக்கணும்னு நீங்களே ஆசப்படறீங்க. உட்டுட்டுப் போவ மனசு வருமா?"

மூன்று மணி நேரம் பார்த்தோம். பகலவன் தம் ஆல்பத்தில் தம் தலைமுடியைக் கண்டதும் வழுக்கையை ஒரு தரம் தடவிக்கொண்டார். "இதெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க" என்றார் அமிர்தம். என்னைத் தவிர, பாட்டு போட வந்த ஐந்து வீரர்களும், "எங்க ஆல்பத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ண்ணா" என்று புளிசாதத்துக்கு முன்னாலேயே சரணடைந்துவிட்டார்கள்.

கடைசியாக எங்கள் ஆல்பம். அம்சவள்ளியே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். எல்லாப் படத்திலும் அவள் இருக்கிறாள். எல்லாப் படத்திலும் நானும் இருக்கிறேன், மாலையும் கழுத்துமாக, வலது பக்கம் திரும்பி. வலது பக்கத்தில்தான் இன்னிசைக் கச்சேரி மேடை. அன்றைக்கு சாக்ஸபோன் வாசித்த ஆள் அப்படி வாசித்தான்.

"நாப்பத்திரெண்டு போட்டோ. எண்ணிட்டேன். ஒண்ணுலகூட இவரு என்னப் பாக்கல" என்றாள் அம்சவள்ளி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினெட்டு வருடம் அவள் இதை மனதில் வைத்திருந்தாள். நான் அந்த ஆல்பத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அம்சவள்ளி எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து ஸ்பீக்கரை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். "'சாமைக்காடு' தான? போடுங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நாளா பாத்ரூம்ல 'ரசிகப் பெருமக்களே, இதோ சாமைக்காடு'ன்னு பேசிக்கினு இருந்தீங்களே. உள்ள யாரு இருந்தாங்க, சோப்பா?"

கூடம் அதிர்ந்தது. ஆண்கள்தான் ஜாஸ்தி சிரித்தார்கள்.

"ஒரே ஒரு கண்டிசன். எட்டுப் பாட்டும் முடியற வரைக்கும் என்னத்தான் பாக்கணும். தனுஷா போட்டோ எடுக்கும்."

பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் தனுஷா போனோடு முன்னால் வந்து நின்றாள். பாட்டு ஆரம்பித்தது.

"அப்பா, கண்ணு ஸ்பீக்கருக்குப் போவுது. திரும்ப எடுக்கணும்!"

அம்சவள்ளியைப் பார்த்தேன். காதோரம் நாலைந்து நரைமுடி. எப்போது வந்ததோ. சிரிப்பை அடக்கும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் எப்போதோ மூன்றாவது பாட்டு வந்து போயிருக்க வேண்டும்.

பகலவன் என் பேரைச் சொல்லி ஓட்டெடுப்பை ஆரம்பித்தார். "வீரமுத்து அண்ணன் கல்யாண ஆல்பத்துக்கு யாரெல்லாம்?"

பெரியவர்கள் பன்னிரண்டு பேரில் பதினோரு கை. அதில் ஒன்று என்னுடையது. நான் தூக்கவில்லை, அதுவாகப் போனது. சால்வையை அம்சவள்ளிக்குப் போர்த்திவிட்டு, என் மனம் நோகக் கூடாதென்று பகலவன் இதையும் கேட்டார்:

"சாமைக்காட்டுக்கு?"

ஒரே ஒரு கை எழுந்தது. அம்சவள்ளியின் கை. எட்டுப் பாட்டையும் ஒழுங்காகக் கேட்ட ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.