பூநாரையின் காலி எடை

லாரிக்குப் பார்ப்பதுபோல் கவிதைக்கும் காலி எடை பார்த்த மனிதர் மும்பையில், ஏன், இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். எங்களுக்கு அவர் எடைமேடை அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்.

வாஷி மார்க்கெட்டில் லாரிகளை எடை போடுவது அவர் வேலை. சரக்கோடு ஒரு தரம், இறக்கிய பிறகு காலியாக ஒரு தரம், வித்தியாசம்தான் சரக்கு. இந்த வழக்கத்தை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு அவர் தாராவிக்கு வீடு திரும்பியிருந்தால் பலர் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதம் ஒரு வாய், வெறும் சாதம் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று சமையல்காரரிடமே சொன்னவர். அந்தச் சமையல்காரர் அதன்பிறகு அவர் நிற்கும் பிளாட்பாரத்தில் நின்றதே இல்லை.

இவரைத்தான் எங்கள் மாட்டுங்கா வாசகர் வட்டம் சித்திரை மலருக்குக் கவிதை தேர்ந்தெடுக்க உட்காரவைத்தது. அண்ணாச்சி கவிதையிலிருந்து மிருகத்தையோ பறவையையோ இறக்கிவிட்டு மீதியைப் படிப்பார். ஒருவர் எழுதிய காதல் கவிதையில் மயில், மான், அன்னம் மூன்றையும் இறக்கினார். கவிதைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றும் டிக்கெட் இல்லாமல் வந்தவை என்று தீர்ப்பானது.

அந்த வருடம் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கவிதைக்கு இடம் மிச்சம். கையில் இரண்டு இருந்தன. ஒன்று என்னுடையது. நாற்பத்தொன்பது வயதுவரை மின்சார பில் தவிர வேறெதிலும் அச்சாகாத பெயர் என் பெயர். மலரில் வரப்போகிறது என்று செம்பூரில் என்னோடு ரயிலேறும் கூட்டம் முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

*உப்பங்கழியில் பூநாரைகள்:*
*அந்தி வானம் உதிர்த்த*
*இதழ்கள்.*

இன்னொன்றில் பெயரே இல்லை.

*மழை நின்றது.*
*தகரக் கூரையில் கடைசிச் சொட்டு.*
*தலை திருப்பிக் கேட்கிறது*
*காகம்.*

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் முணுமுணுத்தார். "காக்கைய எடுத்துட்டம்னா சொட்டு விழுந்தத கேக்க ஆளில்ல. கவிதையும் இல்ல" என்றார். பிறகு என் பூநாரையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு ரோஸ் கலர் பாலிதீன் பையை வைத்துப் படித்தார். கவிதை அசையாமல் நின்றது. உப்பங்கழியில் பைகள்தான் அதிகம் என்று செயலாளர் வேறு தலையாட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், பூநாரைய நீங்க பாத்திருக்கியளா?" என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

பதினொரு வருடமாக, உப்பங்கழிமேல் போகும் வாஷி ரயில் பாலத்தைத் தினமும் கடப்பவன் நான். பூநாரையைப் பார்த்தது ஃபிளமிங்கோ என்று வாட்ஸ்அப்பில் வந்த படத்தில். தினமும் பார்ப்பதாகச் சொன்னேன். அப்படியானால் நாளைக்குச் சேர்ந்து பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை வாசலோரம் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். மான்கூர்டு தாண்டி ரயில் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் வற்றிய சேறு, அதன்மேல் பனிமூட்டம். அந்த மூட்டத்துக்குள் இளஞ்சிவப்பாய் ஒரு நீளக் கோடு மெல்ல அசைந்தது. ரயில் சத்தம் எங்கோ போய்விட்டது. அவை இதழ்கள் இல்லை. எல்லாம் தலையைச் சேற்றில் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டே நடந்தன. நான் திரும்பினேன். பெட்டி முழுக்க ஒரு தலைகூட நிமிரவில்லை. எல்லாம் போனில் கவிழ்ந்திருந்தன.

வாஷியில் நாங்கள் இறங்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் போய், திரும்பி, அந்தப் பாலத்தை மூன்று தடவை கடந்தோம். மார்க்கெட்டில் அன்று தக்காளி லாரிகள் தெருக்கோடி வரை நின்றனவாம். அண்ணாச்சி கவலைப்படவில்லை. நான் ஆபீஸில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.

*தலை கவிழ்ந்து*
*சேற்றில் தேடும் பூநாரைகள்.*
*பாலத்தின் மேலே*
*நாங்களும்.*

அவர் பறவையை இறக்கிப் பார்த்தார். கவிதை சரிந்து விழுந்தது. சரக்கு இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னவர், ஒரு நிமிஷம் கழித்து, "ஆனாலும் காக்கைதான் கொஞ்சம் கனம் சார்" என்றார். ரயில் கூட்டத்திடம் என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்தபடி வீட்டுக்குப் போனேன்.

மலர் வந்தது. கடைசிப் பக்கத்தில் என் கவிதை, என் பெயர். காகத்தைக் காணோம். இரண்டு ஸ்டேஷன் வரை மிதந்தேன். அப்புறம் மனசு உறுத்தியது. நேரே எடைமேடைக்குப் போய், காகக் கவிதை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் உள்ளே வரும் லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது என் வண்டி சார். தன் வண்டிய தானே எடை போடப்படாதுல்லா."

"அப்போ காக்கைதான் கனம்னு எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"முள்ளு காட்டினத சொல்லணும்லா."

அடுத்த வருடம் வேலை மாறி நாக்பூர் போய்விட்டார். அந்தக் காகம் எந்த மலரிலும் அச்சாகவில்லை. செம்பூரில் மழை விட்டதும் என் சன்னல் தகரத்தில் ஒரு சொட்டு விழும். செய்கிற வேலையை விட்டுத் தலையைத் திருப்புவேன். அண்ணாச்சி, காக்கையை எடுத்துவிட்டாலும் உங்கள் கவிதையில் அந்தச் சொட்டைக் கேட்க இங்கே ஓர் ஆள் இருக்கிறேன்.